ஐ3-4130, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்: விண்டோஸ் 10 தவழ்கிறது, எதில் கை வைப்பது?

#1 தவழும்பெட்டி

வீட்டு டெஸ்க்டாப். இன்டெல் ஐ3-4130, எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 (ஒரே ஸ்டிக், ஒரு ஸ்லாட் காலி), 500 ஜிபி 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). விண்டோஸ் 10, 22எச்2, 64 பிட்.

டெஸ்க்டாப் வந்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குரோமில் சில டேப் திறந்தால் மவுஸ் அம்பே விட்டுவிட்டு நகர்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவப்பாக நிற்கிறது. வேலை என்று பார்த்தால் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யூடியூப், எக்செல், தமிழ் டைப்பிங். கேம் கிடையாது.

கடையில் "போர்டே பழசு, புதுசா எடுத்துடுங்க" என்கிறார்கள். திருப்புளி பிடிக்கத் தெரியும். என்ன வாங்குவது, எந்த வரிசையில் செய்வது?

#2 திருப்புளி

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, எதையும் அழிக்காதீங்க. முதல்ல மூணு அளவு எடுங்க.

ஒண்ணு, பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா விண்டோஸ் 10 ஷட்டவுன்லயும் கெர்னல் நிலையை டிஸ்க்ல எழுதிவச்சு, அடுத்த தடவை அதையேதான் எடுத்துப் போடும். ரீஸ்டார்ட் ஒண்ணுதான் முழுசா முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் தொடாம விட்டுட்டு, வழக்கமா திறக்கிற டேப்களைத் திறந்து, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி பெர்ஃபார்மன்ஸ் டேபுக்குப் போங்க. மெமரியில "இன் யூஸ்", "கமிட்டெட்" (எல்லா ஆப்பும் சேர்ந்து கேட்டு வச்சிருக்கிற மொத்த மெமரி) ரெண்டையும் குறிங்க. டிஸ்க்ல அந்த 100%-ஐ விடுங்க, கீழ இருக்கிற "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்", ரீட் ஸ்பீட் இந்த ரெண்டும்தான் வேணும்.

ரெண்டு, டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு 05, சி5, சி6, சி7 (கெட்ட செக்டார், கேபிள் பிழைக் கணக்குகள்) நாலு வரியோட ரா வேல்யூ.

மூணு, கோர் டெம்ப் போட்டு சும்மா இருக்கும்போது என்ன சூடு, யூடியூப் ஓடும்போது என்ன சூடு.

#3 தவழும்பெட்டி

மெமரி: இன் யூஸ் 3.6 ஜிபி, கமிட்டெட் 7.1/8.4 ஜிபி.
டிஸ்க்: ரெஸ்பான்ஸ் டைம் 900 மில்லி செகண்டுக்குப் பக்கத்தில், ரீட் 1.2 எம்பி.
ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் கணக்கு): 05 பூஜ்யம், சி5 என்பதில் 18, சி6 பூஜ்யம், சி7 என்பதில் 3. மேலே மஞ்சளில் "காஷன்" என்று காட்டுகிறது.
சூடு: சும்மா இருக்கும்போது 62, யூடியூபில் 97.

#4 வன்தட்டு வைத்தியர்

மூன்று அளவும் மூன்று தனித்தனி நோயைச் சொல்கின்றன. இதில் அவசரம் சி5 வரிக்குத்தான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரா வேல்யூவை வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில்தான் காட்டும். உங்கள் 18 என்பது நம் கணக்கில் 24. அதாவது 24 செக்டார்களை (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களை) படிக்க முடியாமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டிரைவ் ஒதுக்கி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட செக்டார் ஒன்றைத் தொட்டால் டிரைவ் பல நொடிகள் திரும்பத் திரும்ப முயலும். விண்டோஸ் அதுவரை காத்து நிற்கும். மவுஸ் உறைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சி7 கேபிள் தொடர்பானது. 3 என்பது பழைய கணக்காக இருக்கலாம். ஏறிக்கொண்டே போனால் மட்டும் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

ஆகவே முதல் வேலை, இன்றைக்கே, கோப்புகளை வெளியே எடுப்பது. அதற்கு முன்னால் டீஃப்ராக் செய்யாதீர்கள். பேட் செக்டார் தேடும் செக் டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். இரண்டுமே டிஸ்க்கின் எல்லா மூலைக்கும் தலையை ஓட வைப்பவை; நலிந்த டிஸ்க் அந்த வேலையிலேயே படுத்துவிடலாம்.

எடுக்கும் முறை: லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே பூட் செய்யுங்கள். விண்டோஸ் உள்ளே இருந்தபடி காப்பி செய்தால் அதன் பேஜ் ஃபைலும் (ரேம் பத்தாதபோது மிச்சத்தை டிஸ்க்கில் வைக்கும் கோப்பு) ஆன்டிவைரஸும் அதே டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். லைவ் லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் டிரைவ் "ரீட் ஒன்லி" ஆகத் திறந்தால் கவலை வேண்டாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அப்படி வரும். படிக்க அது போதும். புகைப்படம், சான்றிதழ் ஸ்கேன், எக்செல் போன்ற திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். மொத்த டிரைவையும் ஒரே இழுப்பில் இழுக்காமல் சிறு சிறு ஃபோல்டராக எடுங்கள். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள். சினிமா எல்லாம் கடைசியில்.

#5 கேட்டுப்பார்ப்போம்

இவ்வளவு எதற்கு? ஒரு கிளீனர் சாப்ட்வேர் போட்டு ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடு) சுத்தம் செய்து, அடிக்கடி திறக்கும் ஆப்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றும் சிஸ்மெயின் சர்வீஸை நிறுத்தினால் டிஸ்க் 100% போய்விடும் என்று எத்தனையோ வீடியோ இருக்கிறதே. செலவே இல்லாமல்.

#6 திருப்புளி

வீடியோ இருக்கு, உண்மைதான். கணக்கையும் பார்த்துடலாம்.

7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுத்த 8.3 மில்லி செகண்ட். தேடற இடம் சராசரியா அரை சுற்றுத் தள்ளி இருக்கும், அது 4.2. தலை நகர ஒரு 8, 9. ஆக ஒரு தேடலுக்கு 12, 13 மில்லி செகண்ட், நொடிக்கு 80 தேடல்னு வைங்க. விண்டோஸ் பூட் ஆகும்போது கேட்கிறதெல்லாம் சிதறிக் கிடக்கிற 4 கேபி துண்டுகள். 80 தடவை 4 கேபின்னா 320 கேபி. அதனாலதான் நொடிக்கு 1 எம்பி சுமாருக்கே 100% காட்டுது. நல்ல டிஸ்க்குக்கே இந்த நிலைமை. ரெஜிஸ்ட்ரியில பத்தாயிரம் பழைய வரி இருந்தாலும் அது சில எம்பிதான், அதைத் துடைச்சா இந்தக் கணக்குல எதுவும் மாறாது. தப்பான வரியைத் துடைச்சா ஒரு சாப்ட்வேர் திறக்காது, அவ்வளவுதான் கிடைக்கிற பலன்.

சிஸ்மெயின் நிறுத்தினா ஹார்ட் டிஸ்க் இருக்கிற பெட்டியில பூட் ஆன உடனே கொஞ்சம் மூச்சு விடும், மறுக்கல. ஆனா இவருக்கு நோய் வேற. 4 ஜிபி ரேம், கமிட்டெட் 7.1 ஜிபி. மிச்ச 3 ஜிபி எங்க போகும்? கொஞ்சத்தை விண்டோஸ் ரேமுக்குள்ளயே சுருக்கி வைக்கும், மீதி பேஜ் ஃபைலுக்கு. அந்தப் பேஜ் ஃபைல் இருக்கிறது இந்த நொடிக்கு 80 தேடல் டிஸ்க்குல.

"டிரைவர் அப்டேட்டர்"னு வர்ற சாப்ட்வேர்கள் பக்கமே போகாதீங்க. வேற சிப்புக்கான டிரைவரைத் தூக்கிப் போட்டுட்டு சவுண்டு போச்சு, நெட் போச்சுன்னு அடுத்த இழை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

செலவில்லாம செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப் போய் டோரன்ட், மீட்டிங் ஆப்கள், பிரின்டர் கம்பெனியோட "அசிஸ்டன்ட்" மாதிரி ஆட்களை டிஸேபிள் பண்றது. ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தா ஒண்ணை எடுக்கிறது. விண்டோஸ் டிஃபென்டரே போதும்.

#7 தவழும்பெட்டி

கோப்புகளை எடுக்க ஆரம்பித்துவிட்டேன். 480 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிரைவ்) வாங்கி அப்படியே குளோன் செய்துவிடலாமா? எல்லாம் இருந்தபடி வந்துவிடும் அல்லவா?

#8 வன்தட்டு வைத்தியர்

வேண்டாம். இரண்டு காரணம்.

டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டார் இருக்கிறது. குளோன் எடுக்கும் குளோனெசில்லா மென்பொருள் அந்த இடத்தில் நின்றுவிடும். "ரெஸ்க்யூ" தேர்வு போட்டால் தாண்டிப் போகும். ஆனால் தாண்டிய இடத்தில் விண்டோஸின் ஏதோ ஒரு டிஎல்எல் (சிஸ்டம் கோப்பு) இருந்தால், ஓட்டையோடுதான் புது வீட்டுக்கு வரும்.

இரண்டாவது, 500-இலிருந்து 480-க்குப் போவது. விண்டோஸ் கணக்கில் 465 ஜிபி, 447 ஜிபி. உள்ளே 100 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் சேருமிடம் சிறியது என்று குளோனெசில்லா மறுக்கும். எக்ஸ்பர்ட் மோடில் அளவுச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லலாம். அதற்கு முன் பார்ட்டிஷனைச் சுருக்கியிருக்க வேண்டும். சி டிரைவை விண்டோஸிலேயே சுருக்கினாலும் அதற்குப் பின்னால், டிஸ்க்கின் கடைசியில், சுமார் 500 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி வைத்து அதையும் முன்னால் நகர்த்த வேண்டும். நலிந்த டிஸ்க்கில் இந்த நகர்த்தல் வேலையைச் செய்வது ஆபத்து.

டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் குளோன் நல்ல வழிதான். உங்களுக்குப் புதிதாக நிறுவுவதே சரி. லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். விண்டோஸ் 10 ஒரு முறை ஆக்டிவேட் ஆகியிருந்தால் டிஜிட்டல் லைசென்ஸ் போர்டோடு பிணைந்திருக்கும். நிறுவும்போது "என்னிடம் கீ இல்லை" என்று கொடுத்து, முன்பிருந்த அதே எடிஷனை (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) தேர்ந்தெடுங்கள். நெட் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

#9 திருப்புளி

மேலே சொன்னதோட மாட்டுற வேலையைச் சேர்த்துக்கோங்க.

எச்81-ல நாலு சாட்டா போர்ட், அதுல ரெண்டுதான் 6 ஜிபிட், மத்தது 3 ஜிபிட். போர்டுல பக்கத்துலயே எழுதியிருக்கும். எஸ்எஸ்டி 6-ல போகணும். அதுல 500 எம்பி தாண்டும், மத்ததுல 270-க்குள்ள அடங்கிடும். தவறி 3-ல மாட்டினாலும் சிதறின 4 கேபி வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா சும்மா கிடைக்கிறதை ஏன் விடணும்.

என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்ல மாட்டுற வேகமான எஸ்எஸ்டி) வாங்காதீங்க. இந்தப் போர்டுல எம்.2 ஸ்லாட் கிடையாது. அடாப்டர் போட்டாலும் பெரும்பாலான எச்81 பயாஸ் (போர்டோட தொடக்க மென்பொருள்) அதிலிருந்து பூட் ஆகாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான். கேபினட்ல பிராக்கெட் இல்லைன்னா ரெண்டு ஸ்க்ரூல ஒரு பக்கம் பிடிச்சாலே போதும். உள்ளே சுத்துற பாகம் எதுவும் இல்லை.

பவர் கேபிள் பத்தலைன்னு பழைய நாலு பின் கனெக்டர்ல இருந்து சாட்டாவுக்கு மாத்துற சின்ன அடாப்டர் வாங்குவாங்க. அதுல பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை ஷார்ட் ஆகி உருகுறது உண்டு. டிவிடி டிரைவை யாரும் தொடறதில்லை இல்லையா, அதோட பவர், டேட்டா ரெண்டு கேபிளையும் உருவி எஸ்எஸ்டிக்குப் போடுங்க.

இப்ப முக்கியமானது: ஓஎஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கோட சாட்டா கேபிளைக் கழட்டி வைங்க. ரெண்டும் மாட்டியிருந்தா விண்டோஸ் எஸ்எஸ்டியில உட்கார்ந்து, பூட் லோடரை மட்டும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற பழைய பூட் பார்ட்டிஷன்லயே போட்டுடும். நாலு மாசம் கழிச்சு ஹார்ட் டிஸ்க் செத்ததும் எஸ்எஸ்டி நல்லா இருந்தும் பெட்டி பூட் ஆகாது. கழட்டிட்டா இந்தப் பிரச்சனையே இல்லை.

8 ஜிபி பென் டிரைவ்ல மீடியா கிரியேஷன் டூல் வச்சு ஏத்துங்க. பூட் மெனுவுல அதே பென் டிரைவ் ரெண்டு பேர்ல தெரியும், யூஇஎஃப்ஐன்னு முன்னால போட்டிருக்கிறதை எடுங்க. "கஸ்டம்" கொடுத்து, அன்அலொகேட்டெட்னு காட்டுற இடத்தை அப்படியே செலக்ட் பண்ணி நெக்ஸ்ட். நீங்களா பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம். முடிஞ்சதும் "ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" திறந்து "சாலிட் ஸ்டேட் டிரைவ்"னு காட்டுதான்னு ஒரு தடவை பாருங்க. அப்படிக் காட்டினா வாரம் ஒரு தடவை ட்ரிம் (அழிச்ச கோப்புகளோட இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்ற வேலை) தானா நடக்கும், வேற எதுவும் செய்ய வேண்டாம்.

#10 கேட்டுப்பார்ப்போம்

பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியில் இருந்தால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும், அதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும் என்பார்களே?

#11 வன்தட்டு வைத்தியர்

அப்படி மாற்றினால் பிடுங்கிய முள்ளையே திரும்பக் குத்திக்கொள்வதாகும். மலிவு ரகமான கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு 80 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம், 480 ஜிபிக்கு 160. தினம் 20 ஜிபி எழுதினாலும் 80 டெராபைட்டைத் தொட 4000 நாள் ஆகும், ஏறக்குறைய 11 வருடம். வீட்டு உபயோகத்தில் தினம் 20 ஜிபி என்பதே அதிகம். பேஜ் ஃபைலை ஆட்டோமேட்டிக்காகவே விடுங்கள். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பாமல் 15 சதவீதமாவது காலியாக வைத்தால் போதும். நிரம்பிய மலிவு எஸ்எஸ்டி எழுதும்போது ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாகத் திணறும்.

#12 ரேம்கடை ஓரம்

ரேமைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பழைய டிடிஆர்3 வாங்கும்போது சறுக்கும் இடங்கள் இவை.

உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப் ஸ்டிக், 240 பின். லேப்டாப் ஸ்டிக் 204 பின், நீளமும் பாதிதான். ஸ்டிக்கரில் பிசி3-12800யூ என்று இருக்க வேண்டும். கடைசி எழுத்தைக் கவனியுங்கள். "ஆர்" என்று முடிந்தால் அது சர்வரில் கழற்றியது. மலிவாகக் கிடைக்கும், உங்கள் போர்டில் டிஸ்ப்ளேயே வராது. பிசி3எல் என்று இருப்பது 1.35 வோல்ட் வகை, இந்தப் போர்டில் 1.5-லும் ஓடும், தாராளமாக வாங்கலாம்.

"ஏஎம்டிக்கு மட்டும்" என்று எங்கோ சின்ன எழுத்தில் போட்டு விற்கும் டிடிஆர்3 ஒன்று சுற்றுகிறது. பார்க்க அப்படியே இருக்கும், விலை இழுக்கும். இன்டெல் போர்டில் வேலை செய்யாது. கடையில் இன்டெல் போர்டில் மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு போட்டால் டூயல் சேனல். 1600-இல் ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 12.8 ஜிபி, இரட்டை 25.6 ஜிபி. ஐ3-4130-க்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் இந்த வித்தியாசம் வீடியோவில் தெரியும். 4 + 4 உங்கள் வேலைக்குப் போதும். 4 + 8 போட்டாலும் ஓடும்: முதல் 8 ஜிபி இரட்டையாகவும் மிச்சம் 4 ஒற்றையாகவும். போர்டின் உச்சம் 16.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ரேம் வாங்கும் முன் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் போய் 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் போட்டு வைத்த பழைய பெட்டிகள் நிறைய. 8 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் எடுத்துக்கொள்ளும். 32-இலிருந்து 64-க்கு அப்கிரேடு வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். இங்கேயும் குளோன் கைகொடுக்காது.

#13 குளிர்விசிறி

97 டிகிரி. இதை விட்டுவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பாதி பலன்தான். 100-ஐ நெருங்கும்போது சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே 62 என்றால் சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஹீட் சிங்க்கின் (கூலரின் உலோகத் தகடுகள்) இடுக்கு தூசியில் அடைத்துவிட்டது, அல்லது கூலரைப் போர்டில் பிடிக்கும் நாலு பின்னில் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது. கழற்றினால் மூன்றும் ஒரே வேலையில் சரியாகும்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மீதி கரன்ட் வடியும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் கிளீனர் முனையைப் போர்டு அருகே கொண்டுபோகாதீர்கள், ஸ்டாடிக் சேரும்.

இன்டெல்லோடு வந்த கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின். தலையில் உள்ள அம்பு காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். கூலரைச் செங்குத்தாகப் பிடுங்காமல் இடம் வலமாக லேசாகத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட் பிடித்திருந்தால் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் பிறகு கழற்றினால் எளிதாக வரும். இன்டெல்லில் சிபியுவைக் கம்பி லீவர் பிடித்திருக்கும். பழைய ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திருகல் இன்னும் அவசியம், இல்லையென்றால் கூலரோடு சிபியுவும் பிய்ந்து வந்து பின் வளையும். சிபியுவை நீங்கள் கழற்றவே வேண்டாம். அடியில் சாக்கெட் பின்கள் முடி போல இருக்கும், ஒன்று வளைந்தாலும் போர்டு போயிற்று.

ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் இரண்டு பரப்பையும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவைவிடக் கொஞ்சம் சிறிதாகப் பேஸ்ட். பரப்ப வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பும். திருப்பி மாட்டும்போது பின் தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, குறுக்கு மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். நான்கும் "டக்" என்று உட்கார வேண்டும். போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் நான்கு ஓட்டையிலும் கறுப்பு முனை விரிந்து தெரிய வேண்டும். இதைப் பார்க்காமல் மூடி, ஆன் செய்த ஐந்தாவது நிமிடம் 95 காட்டும் பெட்டிகள்தான் அதிகம். விசிறி ஒயரைச் "சிபியு ஃபேன்" என்று எழுதிய பின்னில் மாட்டுங்கள், பக்கத்தில் இருப்பது கேபினட் விசிறிக்கு.

மே மாதத்தில் அறையே 35 டிகிரி இருந்தால் சும்மா இருக்கும்போது 45 சாதாரணம். வீடியோவில் 70-க்குள் நின்றால் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

#14 தவழும்பெட்டி

பேஸ்ட், ரேம், எஸ்எஸ்டி மூன்றும் மாட்டியாயிற்று. ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

#15 ரேம்கடை ஓரம்

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது. பின்னோக்கி வாருங்கள். பழைய 4 ஜிபி மட்டும் பழைய ஸ்லாட்டில். வந்தால், அதே ஸ்லாட்டில் புதியது மட்டும். அதுவும் வந்தால், இரண்டாவது ஸ்லாட்டில் தனியாக. தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். ஸ்டிக்கின் இரு முனையும் கிளிப்பில் சிக்கும்வரை அழுத்த வேண்டும். புது ஸ்லாட்டில் பல வருடத் தூசி இருக்கும், அதை ஊதினீர்களா? சிபியுவுக்கு மேல் இருக்கும் 4 பின் 12 வோல்ட் ஒயரும் கூலர் வேலையில் கழன்றிருக்கலாம், அதையும் பாருங்கள்.

#16 தவழும்பெட்டி

ஸ்லாட் தூசிதான். வந்துவிட்டது. 8 ஜிபி டூயல் என்று சிபியு-இசட் காட்டுகிறது. சூடு 44/66.

#17 ரேம்கடை ஓரம்

பழைய ரேம் என்பதால் ஓஎஸ் போடும் முன் ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். "ஒன்றுதானே" என்று வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

#18 பென்குயின்பாண்டி

எல்லாம் சரி, ஆனால் விண்டோஸ் 10-ஐத்தான் திரும்பப் போடப் போகிறாரா? 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) கேட்கிறது, 4130 நான்காம் தலைமுறை. லினக்ஸ் மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் 2029 வரை அப்டேட் வரும், பூட் ஆனதும் 1 ஜிபிக்கு முன்பின்தான் ரேம் எடுக்கும்.

#19 திருப்புளி

அவசரப்படாதீங்க பாண்டி. வீட்டு உபயோகத்துக்கு இஎஸ்யு (நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம்) இருக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 22எச்2 இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் ஆகணும். செட்டிங்ஸை பேக்கப் ஆக விட்டா காசில்லாம சேரலாம், இல்லைன்னா 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே "என்ரோல்" வரும். அதுவரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

பென் டிரைவ்ல ஓஎஸ் ஏத்துற ரூஃபஸ் வச்சு டிபிஎம் சோதனையைத் தாண்டி 11 போடலாம், 4130-ல ஓடவும் ஓடும். ஆனா அப்டேட் கிடைக்கும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லல. வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட்டைத் திரும்பத் திரும்ப பென் டிரைவ்ல ஏத்திப் போடணும். வீட்டுல மத்தவங்களும் உபயோகிக்கிற பெட்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

#20 தவழும்பெட்டி

லினக்ஸில் தமிழ் டைப்பிங் எப்படி? தமிழ்99 பழக்கம். பழைய கோப்புகள் சில யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பிரின்டர் கேனான் எல்பிபி 2900.

#21 பென்குயின்பாண்டி

தமிழ்99: ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜை நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ், தமிழ்99 சேர்த்தால் வந்துவிடும். என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கு மட்டும்தான்.

பாமினி: எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டரில் .fonts (பெயருக்கு முன்னால் புள்ளி உண்டு) உள்ளே போட்டால் லிப்ரே ஆஃபீஸில் பழைய கோப்பு அப்படியே தெரியும். புதிதாகப் பாமினியில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இரண்டு பக்கமும் நல்லது.

பிரின்டரில்தான் எனக்கே தயக்கம். எல்பிபி 2900 கேனானுக்கே உரிய கேப்ட் என்ற முறையில் பேசுவது. லினக்ஸில் ஓட வைக்கலாம், ஆனால் அமைப்பதும் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் காப்பாற்றுவதும் தலைவலி. இது தினசரி தேவை என்றால் திருப்புளி சொன்னபடி விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டு, 60 ஜிபி ஒதுக்கி மின்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். விண்டோஸை முதலில், மின்ட்டை இரண்டாவதாக. மாற்றிச் செய்தால் பூட் மெனு காணாமல் போகும்.

#22 பழையகாலன்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது கோர் 2 டுவோ, ஜி31 போர்டு, 2 ஜிபி டிடிஆர்2. இதே வைத்தியம் பொருந்துமா?

#23 ரேம்கடை ஓரம்

ஜி31 உச்சமே 4 ஜிபி. சாட்டா 3 ஜிபிட், ஏஎச்சிஐ (சாட்டா டிரைவோடு பேசும் புது முறை) கிடையாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பூட்டே ஆகாது. அதற்கு வேண்டிய பாப்கவுன்ட் கட்டளை கோர் 2-வில் இல்லை. எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள், நாளைக்கு வேறு பெட்டிக்குக் கழற்றிக்கொள்ளலாம். டிடிஆர்2-வில் காசு போடாதீர்கள், தெரிந்தவரிடம் சும்மா கிடைத்தால் போடுங்கள். மேலே விவரம் வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

#24 குளிர்விசிறி

இழை தொடங்கியவருக்கு இரண்டு விஷயம். பெட்டி திறந்திருக்கும்போதே போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல், 2.8-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். செத்தால் தேதி பின்னால் போகும், பிரவுசரில் எந்தத் தளமும் "பாதுகாப்பில்லை" என்று திறக்காது, வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிப்பார்கள். மாற்றும் முன் பயாஸ் பக்கங்களை போனில் படம் எடுத்து வையுங்கள். சாட்டா மோடு ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையோடு நிற்கும்.

எஸ்எம்பிஎஸ்: பழைய நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 11.4 முதல் 12.6, சிவப்புக்கும் கறுப்புக்கும் 4.75 முதல் 5.25. வீடியோ ஓடும்போது அளக்க வேண்டும். தாண்டினால் மாற்றுங்கள், உள்ளே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் உயிர் போகும் அளவு வோல்டேஜ் நிற்கும். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் கோளாறு இல்லை, பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்வாசல் ஃபில்டர் கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் கேபினட்டின் உடம்பில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள், டூ பின் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

#25 தவழும்பெட்டி

விண்டோஸ் போட்டாயிற்று, இஎஸ்யுவில் சேர்ந்தாயிற்று. மவுஸ் நிற்பதெல்லாம் போய்விட்டது. யூடியூப் 1080-இல் மட்டும் சிபியு 80% போகிறது, ஏன்?

#26 திருப்புளி

யூடியூப் இப்ப விபி9, ஏவி1 வடிவத்துல அனுப்புது. உங்க கிராபிக்ஸ் சில்லுக்கு ஏவி1 தெரியாது, விபி9-ம் சரியா வராது, அதனால சிபியுவே பிரிச்சு மேயுது. எச்.264-ன்னா சில்லே பார்த்துக்கும். "என்ஹான்ஸ்டு எச்264ஃபை" எக்ஸ்டென்ஷன் போட்டு மத்த வடிவங்களைத் தடுத்துடுங்க. எச்.264-ல யூடியூப் 1080 வரைதான் தரும், உங்க மானிட்டருக்கு அது போதும். பிரவுசர் செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் ஆன்ல இருக்கான்னும் பாருங்க.

#27 தவழும்பெட்டி

15-20%-க்கு இறங்கிவிட்டது. கடைசியாக ஒன்று: பழைய ஹார்ட் டிஸ்க்கை சினிமா வைக்க இரண்டாவது டிரைவாக மாட்டலாமா? இல்லை பழைய சாமான் கடைக்குப் போடலாமா?

#28 வன்தட்டு வைத்தியர்

மாட்டாதீர்கள். ஃபுல் ஃபார்மட் செய்தால் சி5 பூஜ்யமாகி "குட்" என்று நீலம் காட்டக்கூடும். நின்றுபோன செக்டார்களில் புதிதாக எழுத முடிந்ததால் அந்தக் கணக்கு துடைபட்டிருக்கும், அவ்வளவுதான்; டிஸ்க் குணமாகவில்லை. தவிர, இரண்டாவது டிரைவாக இருந்தால் 20 நிமிடத்தில் தூங்கிவிடும். எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போதெல்லாம் அது சுற்றி எழும்வரை எஸ்எஸ்டி பெட்டியும் நிற்கும்.

கடைக்குப் போடும் முன், யூஎஸ்பி சாட்டா கேபிளில் மாட்டி, டிஸ்க்பார்ட்டின் "கிளீன்" கட்டளையால் (பழைய டிஸ்க்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு) எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்கி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒன்றாக உருவாக்கி, "குவிக் ஃபார்மட்" டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டா முதல் விண்டோஸ் இப்படிச் செய்தால் முழுப் பரப்பிலும் பூஜ்யம் எழுதும். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். நடுவில் பிழை வந்து நின்றால், மூடியைத் திறந்து (டார்க்ஸ் டி8 முனை வேண்டும், ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்) தட்டின் பளபளப்பான பரப்பை ஆணியால் நன்றாகக் கீறிவிடுங்கள். லேப்டாப் டிஸ்க் என்றால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அதில் பல தட்டுகள் கண்ணாடியாலானவை, தெறிக்கும்.